ஆந்த்ரேய் கேட்காத இசை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ படித்திருக்கிறீர்கள், டி. எஸ். சொக்கலிங்கம் தமிழில் தந்தது. அதில் இசை பற்றிய ஒரு இடம் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. ராணுவத்தில் இருக்கும் ஒருவன் இருட்டில் கிடக்கிறான். எங்கோ எதையோ தீட்டுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து இசை கிளம்புகிறது. அவன் ‘மெல்ல’ என்றால் அடங்குகிறது, ‘இன்னும்’ என்றால் பெருகுகிறது. பக்கத்தில் ஒரு பெண் பாடுகிறாள். மற்றதெல்லாம் வெட்டி, இது ஒன்றுதான் நிஜம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. கண்ணீர் வருகிறது. பிறகு செத்துப்போகிறான். அவன் இளவரசன் ஆந்த்ரேய்தான் என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இல்லை. அவன் காயம்படுகிற ஆஸ்டர்லிட்ஸ், பொரோதினோ போர்க்கள அத்தியாயங்கள் இரண்டையும் மூன்று தடவை வரிவரியாகப் பார்த்தும் அகப்படவில்லை. கூடவே, சவப்பெட்டி செய்கிற கிழவர் ஒருவர் வயலின் வாசிப்பதும் இதே புத்தகத்தில்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அகப்படாது. ஏனென்றால் அப்படி ஒரு இடம் இல்லை. நான்கு இடங்கள் இருக்கின்றன. நான்கும் உங்களுக்குள் ஊறி ஒன்றாகிவிட்டன. அதில் முக்கியமான இரண்டில் ஆந்த்ரேய் தலைகாட்டுவதே இல்லை.

தீட்டுகிற சத்தத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் நினைவில் மிகவும் உறுதியான துண்டு அதுதான். அது பெத்யா. ரஸ்தோவ் வீட்டுக் கடைக்குட்டி, நாவலின் நாயகி நடாஷாவின் தம்பி, பதினைந்து பதினாறு வயசுப் பையன். நான்காம் தொகுதி, மூன்றாம் பாகம், 10-வது அத்தியாயம். ஆங்கிலத்தில் தொகுதிக் கணக்கை விட்டுவிட்டுப் பதினைந்து புத்தகங்களாக எண்ணுகிற பதிப்பு கையில் இருந்தால் 14-வது புத்தகம், அதே 10-வது அத்தியாயம்.

1812 அக்டோபர். நெப்போலியன் படை மாஸ்கோவை விட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறது. தெனிசோவ் என்ற ரஷ்ய அதிகாரி ஒரு சிறு கூட்டத்தை வைத்துக்கொண்டு காட்டுக்குள் பதுங்கியிருந்து அதைத் தாக்குகிறான். ஒரு தளபதி கொடுத்தனுப்பிய கடிதத்தோடு அங்கே வந்த பெத்யா திரும்பிப் போக மாட்டேன் என்று ஒட்டிக்கொள்கிறான். அன்றைக்கு அவன் செய்வதெல்லாம் ஒரு பையன் பெரியவர்கள் நடுவில் செய்கிற காரியங்கள். பையில் இருந்த உலர்திராட்சையை எடுத்து எல்லா அதிகாரிகளுக்கும் நீட்டுகிறான். பத்து பவுண்டு வாங்கியிருக்கிறான்! எனக்கு எப்போதும் ஏதாவது இனிப்பாக வேண்டும், அருமையான திராட்சை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். சிறைபிடித்து வைத்திருக்கும் பிரெஞ்சு மேளக்காரப் பையனுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்று வெட்கப்பட்டுக்கொண்டே கேட்கிறான். தோலகோவ் என்ற இன்னொரு அதிகாரியோடு வேஷம் போட்டுக்கொண்டு எதிரி முகாமுக்குள்ளேயே போய்வருகிறான். அதன் பிறகு ராத்திரியில் தூக்கம் வராமல் வெளியே வந்து, லிக்காச்சோவ் என்ற கோஸாக் குதிரைவீரனிடம் தன் வாளைத் தீட்டித் தரச் சொல்கிறான்.

லிக்காச்சோவ் வண்டிக்கு அடியில் உட்கார்ந்து தீட்டுகிறான். பெத்யா வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். இங்கே டால்ஸ்டாய் செய்கிற ஒரு காரியம் எனக்குப் படிக்கும்போதெல்லாம் புதிதாக இருக்கிறது. அவன் எங்கே இருக்கிறான், என்னென்ன அவனைச் சுற்றி இருக்கிறது என்று ஒரு கணக்கப்பிள்ளை மாதிரி பட்டியல் போடுகிறார். பிரெஞ்சுக்காரர்களிடம் பறித்த வண்டி, அடியில் கோஸாக், வலப்பக்கக் கறுப்பு காவல் குடிசை, இடப்பக்கச் சிவப்பு அணைகிற நெருப்பு. இதெல்லாம் பெத்யாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவனுக்கு எதுவும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை என்கிறார். அந்தக் கறுப்பு குடிசையாகவும் இருக்கலாம், பூமியின் ஆழத்துக்குப் போகிற குகையாகவும் இருக்கலாம். சிவப்பு நெருப்பாகவும் இருக்கலாம், ஒரு ராட்சச மிருகத்தின் கண்ணாகவும் இருக்கலாம். மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. குதிரைகள் கனைக்கின்றன. யாரோ குறட்டை விடுகிறார்கள். ‘ஓஜிக்-ஜிக், ஓஜிக்-ஜிக்’ என்று வாள் தீட்டும் சத்தம். திடீரென்று ஒரு வாத்தியக் கூட்டம், யாரும் அறியாத ஒரு பாடலை வாசிக்கத் தொடங்குகிறது.

பெத்யாவுக்கு நடாஷாவைப் போலவே சங்கீத ஞானம் உண்டு, அண்ணன் நிகோலாயைவிட அதிகம், ஆனால் அவன் இசை கற்றதே இல்லை, அதைப் பற்றி நினைத்ததும் இல்லை, அதனால்தான் அந்த மெட்டுகள் அவனுக்கு அவ்வளவு புதிதாக இருந்தன என்று டால்ஸ்டாய் சொல்கிறார். ஒரு வாத்தியம் தன் மெட்டை முடிக்கும் முன் இன்னொன்று ஏறக்குறைய அதையே எடுக்கிறது, பிறகு மூன்றாவது, நான்காவது. எல்லாம் கலக்கின்றன, பிரிகின்றன, மறுபடி கலக்கின்றன. இதற்கு ஃப்யூக் என்று பெயர், பெத்யாவுக்கு அது என்னவென்றே தெரியாது என்கிறார். பிறகுதான் நீங்கள் சொன்ன இடம் வருகிறது. அவன் தனக்குள்ளேயே கட்டளை இடுகிறான். மெல்ல, மெல்ல, இப்போது அடங்கிப்போ. அடங்குகிறது. இப்போது நிறைந்து வா, இன்னும் சந்தோஷமாக. எங்கோ ஆழத்திலிருந்து பெருகி வருகிறது. குரல்களே, நீங்களும் சேருங்கள். முதலில் ஆண் குரல்கள், பிறகு பெண் குரல்கள். ஆகவே உங்கள் நினைவில் பெண் பாடியது முழுக்கத் தவறில்லை. ஆனால் இங்கே பாடுவது ஒரு பெண்ணல்ல, முகமில்லாத ஒரு கூட்டம்.

ஒரு சின்ன விலகல். ஃப்யூக் என்றால் என்ன என்று நம் பழக்கத்தில் விளக்குவது கஷ்டம். ஒருவர் பல்லவியை எடுக்கிறார். அவர் அதை முடிப்பதற்குள் இன்னொருவர் அதே பல்லவியை வேறு ஸ்தானத்தில் தொடங்குகிறார். முதலாமவர் நிறுத்தாமல் அதற்கு ஈடாக வேறொன்றைப் பாடிக்கொண்டே போகிறார் என்று கற்பனை செய்துபார்க்கலாம். நம் கச்சேரியில் இது நடந்தால் சண்டை என்று எழுந்துபோவார்கள். ஆனால் அந்தக் காட்சியில் நமக்கு நேரடியாகப் புரிகிற ஒன்று உண்டு. தீட்டுகிற சத்தம் கடைசிவரை நிற்பதில்லை. தண்ணீர்ச் சொட்டும் குதிரைக் கனைப்பும்கூட இசையைக் கெடுக்கவில்லை, அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்தன என்று டால்ஸ்டாய் எழுதுகிறார். தம்புராவின் சுருதி பின்னால் ஓடிக்கொண்டிருக்க, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பையனுக்கு அன்றைக்குச் சுருதி போட்டது சாணைக்கல்.

எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை. இதைப் பகிர்ந்துகொள்ள யாரும் இல்லையே என்று வருத்தப்படுகிறான். அப்போது லிக்காச்சோவ் எழுப்புகிறான். தயார் எஜமான், ஒரு பிரெஞ்சுக்காரனை இரண்டாகப் பிளந்துவிடலாம் என்கிறான். இலையில்லாத கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் வந்துவிட்டது. பையன் குதித்து இறங்கி, அவனுக்கு ஒரு வெள்ளி ரூபிள் கொடுக்கிறான்.

அடுத்த அத்தியாயத்தில் பெத்யா சாகிறான். காத்திருக்கச் சொல்லியும் கேட்காமல் குதிரையை விரட்டிக்கொண்டு வளாகத்துக்குள் பாய்கிறான். தலையில் குண்டு. தோலகோவ் ‘முடிந்தது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்கிறான். தெனிசோவுக்கு அந்த உலர்திராட்சைப் பேச்சு ஞாபகம் வருகிறது. அவனிடமிருந்து நாய் குரைப்பது போல ஒரு சத்தம் கிளம்பி, கோஸாக்குகள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் வேலியைப் போய்ப் பிடித்துக்கொள்கிறான். ‘இசை கேட்டான், பிறகு செத்துப்போனான்’ என்று உங்கள் மனம் குறித்துவைத்திருந்தது இதைத்தான். ஆள் மட்டும் மாறிவிட்டான்.

சரி, ‘மற்றதெல்லாம் வெட்டி, இதுதான் நிஜம்’ என்ற வரி? அது பெத்யாவின் சாவுக்கு ஆறு வருஷம் முன்னால், மாஸ்கோவில், ஒரு வரவேற்பறையில் நடந்தது. இரண்டாம் தொகுதி, முதல் பாகம், 15-வது அத்தியாயம். கேட்டவன் நிகோலாய்.

சூழ்நிலை தெரியாமல் அந்த வரியை எடுத்தால் அது வெறும் ரசிகர் பேச்சாகிவிடும். ஆகவே இரண்டு அத்தியாயம் பின்னால் போக வேண்டும். ரஸ்தோவ் வீட்டிலேயே வளர்கிற உறவுக்காரப் பெண் சோனியாவைத் தோலகோவ் பெண் கேட்கிறான். அவள் மறுக்கிறாள், அவள் மனசில் நிகோலாய் இருக்கிறான். தோலகோவ் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஊரைவிட்டுப் போகிறேன், ஒரு விருந்து வைக்கிறேன், வா என்று நிகோலாயைச் சத்திரத்துக்கு அழைக்கிறான். அங்கே சீட்டு. நம் ஊர் மங்காத்தாவுக்குப் பெரியப்பன் மகன் என்று சொல்லத்தக்க ஆட்டம். பிரித்துப் போடுகிறவன் கையில்தான் எல்லாம். தோலகோவ் 43 ஆயிரம் வரும்வரை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். ஏன் 43? அவன் வயசையும் சோனியாவின் வயசையும் கூட்டினால் வருவது அது. மே மாதம் வரை இவ்வளவுதான் என்று அப்பா கையில் கொடுத்த 2,000 ரூபிளோடு வந்தவன் 43,000 கடனோடு எழுந்திருக்கிறான். டால்ஸ்டாய் இந்த ஆட்டத்தை வெளியே நின்று எழுதவில்லை. இளமையில் சீட்டாடித் தோற்றவர் அவர். யாஸ்னயா பல்யானாவில் தான் பிறந்த பெரிய வீட்டை விற்ற பணமும் அப்படித்தான் கரைந்தது. சீட்டைப் போடுகிற அந்தச் சிவந்த கைகளையும், சட்டைக் கைக்கு வெளியே தெரிகிற ரோமத்தையும் தோற்கிறவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதை, தோற்றவனைத் தவிர வேறு யார் எழுத முடியும்?

வீட்டுக்கு வருகிறான். வீடு முழுக்க இளசுகளின் சிரிப்பு. தெனிசோவ் தான் எழுதிய ஒரு கவிதைக்கு மெட்டுத் தேடிக்கொண்டு பியானோ மாதிரியான ஒரு வாத்தியத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறான். நடாஷா பாடப்போகிறாள். இவர்களுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம், நெற்றியில் ஒரு குண்டு போதும் எனக்கு என்று நிகோலாய் அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறான். நடாஷா முதல் ஸ்வரத்தை எடுக்கிறாள்.

அவள் குரலைப் பற்றி டால்ஸ்டாய் சொல்வது அலாதி. பயிற்சி இல்லாத குரல். விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் ‘நல்ல குரல், ஆனால் பக்குவப்படுத்த வேண்டும்’ என்பார்கள். ஆனால் அதை அவள் பாடி முடித்து நெடுநேரம் கழித்துத்தான் சொல்வார்கள்; அவள் பாடிக்கொண்டிருக்கும்போது அவர்களுக்கும் வாய் எழாது, கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்றிருக்கும். நம் சபாக்களில் வரிசைக்கு இரண்டு பேர் இப்படி உண்டு.

திடீரென்று நிகோலாய்க்கு உலகமே அடுத்த ஸ்வரத்துக்காகக் காத்திருக்கிறது. தாளம் எண்ணுகிறான். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. என்ன முட்டாள் வாழ்க்கை இது! இந்தக் கஷ்டம், பணம், தோலகோவ், கோபம், மானம் எல்லாம் வெட்டி. இதோ இருக்கிறது நிஜம். அடுத்து அந்த மேல் ‘சி’ ஸ்வரத்தை (நம் ‘நி’ மாதிரி) எப்படிப் பிடிக்கப்போகிறாள்? பிடித்துவிட்டாள்! தான் பாடுகிறோம் என்பதே தெரியாமல் அவனும் கூடச் சேர்ந்து, அவள் குரலுக்குக் கீழே மூன்றாவது ஸ்வரத்தைப் பிடித்து அதைத் தாங்குகிறான். மேலே பாடுகிறவருக்கு அடியில் இன்னொரு குரல் வேறு ஸ்வரத்தில் போய் நிற்பது சர்ச் பாடகர் குழுவில் பாடியவர்களுக்குக் கைவந்த விஷயம். கர்நாடக சங்கீதக் காதுக்கு இது கொஞ்சம் தட்டும். தட்டினாலும் பாதகமில்லை, சொந்தக் கஷ்டம் மறந்து வாய் தானாகக் கூடச் சேருவது யாருக்கும் புரியும். அந்தக் கணத்தில் நிகோலாய்க்குத் தோன்றுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொலை செய்யலாம், திருடலாம், அப்படியும் சந்தோஷமாக இருக்கலாம்! இசை மனிதனை நல்லவனாக்கும் என்று டால்ஸ்டாய் இங்கே சொல்லவில்லை. அவன் கடனை மறக்கிறான், அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் நிஜம் திரும்பி வருகிறது. எவருக்கும் நடப்பதுதானே என்பது போல அலட்சியமாக அப்பாவிடம் கேட்கிறான். அப்பா முகம் சிவந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பணத்தைத் தேடப் புறப்படுகிறார். அதற்குப் பிறகுதான் பையன் தேம்பி அழுகிறான். அழுகை அங்கேதான், பாட்டின்போது அல்ல.

பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டவன் ஆந்த்ரேய்தான். அந்தத் துண்டில் உங்கள் ஞாபகம் சரி. இரண்டாம் தொகுதி, மூன்றாம் பாகம், 19-வது அத்தியாயம். நடன விருந்துக்குப் பிறகு பீட்டர்ஸ்பர்க்கில் ரஸ்தோவ் வீட்டில் சாப்பிடுகிறான். ஜன்னலோரம் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தவன் நடாஷா பாடுவதைக் கேட்டு வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுகிறான். தொண்டையை அடைக்கிறது. தனக்குள் இருக்கும் எல்லையற்ற ஒன்றுக்கும், தானும் அவளும் உடலளவில் எவ்வளவு குறுகியவர்கள் என்பதற்கும் நடுவே உள்ள பயங்கரமான முரண் அவனை வாட்டவும் செய்கிறது, மகிழ்விக்கவும் செய்கிறது. ஒரு பத்திதான். ஆனால் அவன் மிடுக்காக உடுத்தி, நல்ல உடம்போடு, விருந்துக்கு வந்தவன். காயமும் இல்லை, இருட்டும் இல்லை.

காயமும் இருட்டும் பக்கத்தில் ஒரு பெண்ணும் எங்கிருந்து வந்தன? நான்காவது இடத்திலிருந்து. மூன்றாம் தொகுதி, மூன்றாம் பாகம், 32-வது அத்தியாயம். மாஸ்கோவைக் காலி செய்துகொண்டு போகிற வழியில் மித்தீஷ்சி கிராமத்துக் குடிசையில் ஆந்த்ரேய் ஜுரத்தில் கிடக்கிறான். சுவர்க்கோழி கத்துகிறது, கரப்பான் சலசலக்கிறது, ஓர் ஈ வந்து முகத்தில் மோதுகிறது. காதோரம் யாரோ கிசுகிசுப்பது போல ‘பீத்தி-பீத்தி-பீத்தி’ என்று ஒரு தாளம் விடாமல் கேட்கிறது. அந்தக் கிசுகிசுப்பு இசைக்கு ஏற்ப அவன் முகத்துக்கு மேலே மெல்லிய ஊசிகளால் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே போகிறது. அதைச் சாயாமல் பார்த்துக்கொள்ள அவன் படாத பாடு படுகிறான். அப்போதுதான் வாசலில் வெள்ளையாக ஏதோ நிற்கிறது. நடாஷா. அவள் பாடவில்லை, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறாள்.

பெத்யாவின் காட்சிக்கும் இதற்கும் உள்ள உறவைப் பாருங்கள். இரண்டிலும் பாதித் தூக்கம். இரண்டிலும் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சின்னச் சத்தம். இரண்டிலும் அந்தச் சத்தத்தின்மேல் மனம் எதையோ கட்டுகிறது. ஆனால் பையன் தன் இசையை ஆட்டிவைக்கிறான். ஆந்த்ரேயை அந்தச் சத்தம் ஆட்டிவைக்கிறது. டால்ஸ்டாய் தெரிந்தே இரட்டையாகச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது. ஆனால் உங்களைப் போலவே இரண்டையும் ஒன்றாக்கிவிட்ட வாசகர் இன்னொருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்க்கலாம்.

நம் மனம் ஏன் இப்படிச் செய்கிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. நாவலில் காயம்பட்டுக் கிடந்து வானத்தைப் பார்த்தவன் என்றால் ஆந்த்ரேய். ஆழமாக நினைக்கிறவன், துன்பப்படுகிறவன் என்றாலும் அவனே. ஆகவே உயர்ந்த அனுபவம் எதுவானாலும் அவன் பேரில் பற்று வைத்துவிடுகிறோம். ஆனால் ஆஸ்டர்லிட்ஸில் அவன் மல்லாந்து விழுந்து பார்க்கிற அந்தப் புகழ்பெற்ற வானத்தில் ஓசையே இல்லை. எவ்வளவு அமைதி, நாங்கள் ஓடியதும் கத்தியதும் போல இல்லையே என்றுதான் நினைக்கிறான். இசையை அங்கே தேடி நீங்கள் மூன்று முறை வெறுங்கையோடு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இந்த நாவலில் இசை யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ஃப்யூக் என்றால் என்னவென்று தெரியாத பையனுக்கு. சீட்டில் தோற்றுவிட்டு வந்தவனுக்கு. பயிற்சி போதாது என்று பேர் வாங்கிய பெண்ணுக்கு. இன்னொருவரும் உண்டு: வேட்டை முடிந்து எல்லாரும் போய்த் தங்குகிற ‘சித்தப்பா’. இரண்டாம் தொகுதி, நான்காம் பாகம், 7-வது அத்தியாயம். வேலைக்காரர்கள் பக்கத்திலிருந்து வண்டிக்காரன் மீத்கா பாலலைக்கா என்ற ரஷ்யத் தந்தி வாத்தியத்தை வாசிப்பது கேட்கிறது. சித்தப்பா கிதாரை எடுக்கிறார். பிரெஞ்சு ஆசிரியையிடம் வளர்ந்த நடாஷா, யாரும் சொல்லித்தராத நாட்டுப்புற ஆட்டத்தை ஆடுகிறாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அனீஸ்யாவுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வருகிறது. ஜனங்கள் பாடுவது போலவே சித்தப்பாவும் பாடுகிறார் என்கிறார் டால்ஸ்டாய். பாட்டின் அர்த்தமெல்லாம் சொல்லில் இருக்கிறது, மெட்டு தானாக வரும், அது சும்மா ஒரு அளவுக்குத்தான் என்ற நம்பிக்கையோடு பாடுவதால்தான் அந்த மெட்டு பறவை பாடுவது போல அத்தனை நன்றாக இருக்கிறதாம். இதை நாற்று நடுகிற இடத்தில் பாட்டுக் கேட்டவர்களிடம் சொல்லிப் பாருங்கள், தலையாட்டுவார்கள்.

இதற்கு நேர் எதிராக, காசு கொடுத்துக் கேட்கப்போகிற இசை ஒரே ஒரு தடவை விரிவாக வருகிறது: நடாஷா போகிற ஆப்பரா, அதாவது மேடை இசைநாடகம். அட்டையில் வரைந்த மரம், வெள்ளைப் பட்டில் குண்டான ஒரு பெண், இறுக்கமான கால்சட்டையில் பருத்த கால்களோடு கையை விரிக்கிற ஒருவன். மேடையை முதல்முறை பார்க்கிற குழந்தை மாதிரி எழுதிக் கேலி செய்துவிடுகிறார். கொஞ்சம் அநியாயம் என்றுகூடச் சொல்வேன். அதே மனிதர் 1876 டிசம்பரில் மாஸ்கோ இசைக்கல்லூரியில் இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய முதல் நால்வர் தந்தி இசையின் மெதுவான பகுதியைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர். தானே பியானோ வாசிப்பார். நடாஷாவின் குரலுக்கும் வெளியே தேடவில்லை. மனைவியின் தங்கை தாத்யானா வீட்டிலேயே பாடிக்கொண்டிருந்தாள். இசைக்கு இவ்வளவு எளிதில் ஆட்பட்டவர் என்பதால்தானோ என்னவோ, பின்னாளில் அதைப் பார்த்துப் பயந்து, அது மனிதனை என்னவெல்லாம் செய்யவைக்கும் என்று 1889-ல் ஒரு குறுநாவலே எழுதினார். நிகோலாயின் ‘கொலை செய்யலாம், திருடலாம்’ என்ற அந்த ஒரு வரியில் அதன் விதை இருக்கிறது.

இனித் தேடுகிற விஷயம். இன்னொரு இடத்துக்காக நீங்கள் மறுபடி அலைய நேரலாம் என்பதால் சொல்கிறேன். தமிழ்ப் புத்தகம் காகிதத்தில். அதில் சொல் தேட முடியாது. ஆகவே ஆங்கிலத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுத் தமிழுக்கு வாருங்கள். மாட் தம்பதியின் மொழிபெயர்ப்பு காப்புரிமை தீர்ந்து, குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இருக்கிறது. மொத்தம் 361 அத்தியாயம். இதில் ‘மியூசிக்’ என்று தேடினால் படை அணிவகுப்பு வாத்தியமெல்லாம் வந்து கொட்டும். ‘கண்ணீர்’ என்று தேடினால் கேட்கவே வேண்டாம், இந்த நாவலில் அழாத ஆள் குறைவு. உணர்ச்சியைத் தேடாதீர்கள், பொருளைத் தேடுங்கள். ‘ரெய்சின்’ (உலர்திராட்சை) என்று போட்டால் பெத்யாவிடம் போய் நிற்பீர்கள். ‘ஃப்யூக்’ என்று போட்டாலும் அங்கேதான். நிகோலாய்க்கு ‘ஃபார்ட்டி-த்ரீ தவுஸண்ட்’. சித்தப்பாவுக்கு ‘பாலலைக்கா’. தீட்டுகிற சத்தத்தைத் தேடிப் பயனில்லை. அதை ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் எழுத்துகூடப் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. ரஷ்ய மூலம் நான்கு தொகுதி, ஒவ்வொன்றுக்குள்ளும் பாகங்கள். மாட் பதிப்பு அந்தப் பாகங்களை ஒன்றிலிருந்து பதினைந்து வரை வரிசையாகப் புத்தகம் என்று எண்ணிவிடுகிறது. முதல் தொகுதியில் மூன்று பாகம், இரண்டில் ஐந்து, மூன்றில் மூன்று, நான்கில் நான்கு. ஆகவே நிகோலாய் கேட்ட பாட்டு 4-வது புத்தகம், ஆந்த்ரேய் 6, சித்தப்பா 7, ஆப்பரா 8, மித்தீஷ்சி 11, பெத்யா 14. அத்தியாய எண் மாறாது. உங்கள் தமிழ்ப் பிரதியில் பிரிவு எப்படி இருந்தாலும், பெத்யா சாகிற அத்தியாயத்தைப் பிடித்து அங்கிருந்து பின்னால் புரட்டுங்கள். நிகோலாய்க்குச் சீட்டாட்டத்தைப் பிடித்து முன்னால் புரட்டுங்கள்.

கடைசியாக அந்தக் கிழவர். அவர் இந்த நாவலிலேயே இல்லை. செகாவ் 1894-ல் எழுதிய ‘ராத்சீல்டின் வயலின்’ சிறுகதையில் இருக்கிறார். பெயர் யாக்கோவ். சவப்பெட்டி செய்கிற தச்சர், நஷ்டக் கணக்கே வாழ்க்கையாக இருப்பவர். மனைவி மார்ஃபா சாகக் கிடக்கும்போதே இரும்புக் கோலால் அவளை அளந்து, பெட்டியைச் செய்து முடித்து, மார்ஃபாவுக்குப் பெட்டி 2 ரூபிள் 40 கோபெக் என்று கணக்கில் எழுதிவைக்கிறார். தன் முறை நெருங்கும்போது வாசற்படியில் உட்கார்ந்து வயலின் வாசிக்கிறார். அவர் காலமெல்லாம் திட்டி விரட்டிய ராத்சீல்ட் என்ற குழல் வாசிப்பவன் எதிரே நின்று அழுகிறான். வயலினை அவனுக்கே கொடுத்துவிடுங்கள் என்று பாதிரியாரிடம் சொல்லிவிட்டுச் சாகிறார். பத்துப் பன்னிரண்டு பக்கம்தான். ராத்திரி படுக்கப் போகும் முன் படித்துவிடலாம்.